யார் வயிற்றைக் கட்டினார்கள்?

மாசத்தின் முதல் வாரத்தில் திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, அடகுக்கடை எல்லாவற்றிலும் ஒரு சுறுசுறுப்பு தெரியும். வாத்தியார்களுக்கும் கிளார்க்குகளுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் பணம் வந்திருக்கும். இந்த ஊருக்குப் பணம் வருவது முக்கியமாக இரண்டு வாய்க்கால்களில். ஒன்று காவிரியும் குடமுருட்டியும். இன்னொன்று கஜானா. இரண்டும் ஒரே சமயத்தில் வறண்டால்?

வறண்டன. 2002, 2003 இரண்டு வருஷமும் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை போச்சு. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, கூலியும் இல்லை. அதே நேரம் பார்த்து கோட்டையிலும் மடையை அடைத்தார்கள்.

கஜானா காலி என்பது பொய்யில்லை. 2001 ஆகஸ்டில் நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கையே வைத்தார். அந்த நவம்பரில் அரசு வேலைக்குப் புது ஆள் எடுக்கத் தடை. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. ஜூலையில் ஸ்டிரைக். 'டெஸ்மா' பாய்ந்து சுமார் 1.70 லட்சம் பேர் டிஸ்மிஸ்! ஒரு பட்டா மாறுதலுக்குப் பத்து தடவை அலைந்தவன், 'நல்லா வேணும்' என்றான். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆனால், பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. ஒரு கணக்கில் பற்று என்றால் இன்னொரு கணக்கில் வரவு. கிளார்க் சம்பளம் அரசுக்குச் செலவு. ஜவுளிக்கடைக்கு அது வியாபாரம், அங்கே துணி மடிக்கிற பெண்ணுக்குச் சம்பளம். தண்ணீர் வராத வருஷத்தில் இதையும் நிறுத்தினால் அடி கிளார்க்கோடு நிற்காது.

டிஸ்மிஸ் ஆனவர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார். சுப்ரீம் கோர்ட் வரை போய்ப் பெரும்பாலோர் திரும்பி வந்துவிட்டார்கள். வேலையே கிடைக்காதவனுக்கு எந்தச் சங்கம்? எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வயசு ஏறியதுதான் மிச்சம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஆள் எடுக்கக் காசில்லாத அதே அரசு, 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்து, ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தது. தொகுப்பூதியத்தில்! டிகிரி முடித்த பையன் பாட்டில் கடையில் சூப்பர்வைசர். கூலிக்காரர் மடியில் மிஞ்சியிருந்ததும் அந்தக் கல்லாவுக்குப் போனது. 2005-06-ல் தமிழகத்துக்கு வருவாய் உபரி என்றார்கள். சிக்கனத்தால் வந்தது என்று பேசியவர்கள், வரவுப் பக்கத்தில் இருந்த பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை.

2004 மே மாசம் தேர்தல் முடிவு வந்தது. தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. அணிக்குப் பூஜ்யம். அடுத்த சில நாட்களில் விவசாயிக்கு இலவச மின்சாரம் திரும்பியது. ரேஷன் கார்டில் குத்திய 'எச்' முத்திரை போனது. ஸ்டிரைக் நடவடிக்கைகள் வாபஸ். 'வேறு வழியே இல்லை' என்று மூன்று வருஷம் சொன்னதற்கெல்லாம் ஒரே வாரத்தில் வழி பிறந்தது எப்படி? காசு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் வெள்ளை அறிக்கை வைக்கவில்லை.

பழைய பென்ஷன் மட்டும் திரும்பவில்லை. இனிமேல் சேரப்போகிறவனுக்கு அன்றைக்குச் சங்கமும் இல்லை, கோபப்பட்ட ஓட்டும் இல்லை. வேலைத் தடையும் அப்படியே கிடந்தது. அது நீங்கியது 2006 பிப்ரவரியில். சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது மூன்றே மாசம்.