அருணகிரிநாதர் வரலாறு: எதனைக் கொள்வது?

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியே பழநி நோக்கி நடக்கும் அடியவர் வாயில் திருப்புகழும் அதனை அருளியவர் வரலாறும் ஒருங்கே வழங்குகின்றன. கணிகையர் மயக்கில் இளமை கழிந்தது, அண்ணாமலைக் கோபுரத்தினின்று வீழ்ந்தது, முருகன் தாங்கியது, கிளியுருவில் அநுபூதி பாடியது என்பன அவ்வரலாறு. பலர்க்கு இது நூல்வழி வந்ததன்று; 1964-இல் வெளிவந்த திரைப்படத்தின் வழி வந்தது.

நூல்வழி வந்தவற்றுள் கருதத்தக்கன இரண்டு. ஒன்று வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) பாடிய அருணகிரிநாதர் புராணம். மற்றொன்று தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை (1883–1971) எழுதிய ‘அருணகிரிநாதர் வரலாறும் நூலாராய்ச்சியும்’. சுவாமிகள் தம்மை அருணகிரியாரின் மறுபிறவி என்றே கருதியவர். ஆதலின் அவர் நூல் அன்பின் முதிர்ச்சியாற் பிறந்தது. ஓதி உருகுவார்க்குப் பெருவிருந்து. காலம் துணிவார்க்கோ, நானூறு ஆண்டு பிற்பட்ட அதனைக் கரியாகக் கொள்ளுதல் இயலாது.

தணிகைமணியாரின் நெறி வேறு. அவர்தம் தந்தையார் வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஏடுகளைத் தேடித் திருப்புகழை 1894-இலும் 1901-இலும் அச்சேற்றியவர். மகனார் அப்பாடல்களையே சாட்சியாக்கினார். ஒரு பாடலில் வரும் பிரபுடதேவ மாராசன் விசயநகர வேந்தன் இரண்டாம் தேவராயன் (1422–1446) எனக் கொள்ளப்படுதலின், காலம் பதினைந்தாம் நூற்றாண்டென்பது நிலைபெறும். பழநிப் பாடல்களில் வரும் கலிசைச் சேவகனார் தொடர்பும் பாட்டினுள்ளிருந்தே கிடைப்பது.

அற்றேல், பொதுமகளிர் வயப்பட்டேன் என்று அவர் இரங்கும் பாடல்களும் சாட்சியாகாவோ எனின், ஆகா. அரசன் பெயரைப் பொய்யாகக் கூறப் பாடுவார்க்கு யாதொரு காரணமும் இல்லை. தம்மை இழித்துரைத்தலோ அருளாளர் மரபு. மணிவாசகப் பெருமான் தம்மை நாயெனத் தாழ்த்திக்கொண்டது பலவிடத்து. அதுகொண்டு அவர் ஒழுக்கத்தை ஐயுறுவார் சைவருள் இலர். உலகத்தார் குற்றத்தைத் தம்மேல் ஏற்றி இரங்கும் அவ்வுரிமை அருணகிரியார்க்கு மட்டும் மறுக்கப்படுவது ஏனோ!

அக்கதையை விடின், பாவிக்கும் அருளுண்டென்னும் தேற்றம் போய்விடுமே என அஞ்சுவார் உளர். அத்தேற்றத்தைத் தருவது திருப்புகழே, கோபுரக் கதையன்று. பாடல்களை முன்னர் ஓதித் தணிகைமணியார் நூலைப் பின்னர்க் கற்பார், புராணத்தைப் பாராயணத்துக்கு வைத்துக்கொள்ளுதலில் இழுக்கொன்றும் இல்லை.