மார்கழி ஈற்று

எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையில், முதுகெலும்பை அமுக்கிப் பார்த்தும் மடியை ஏந்திப் பார்த்தும் விலை பேசுகிறவர்களின் சாமர்த்தியத்தில் எனக்குச் சந்தேகம் இல்லையாயினும், ஒரு பெட்டையாட்டின் உண்மையான தரம் பகல் வெளிச்சத்தில் தெரிவதே இல்லை என்பதும், மார்கழிப் பின்ஜாமத்தில் அது ஈனும்போது பக்கத்தில் குந்தியிருந்தவனுக்கே அது புலப்படும் என்பதும் என் நெடுநாளைய அபிப்பிராயம்.

ஆடியில் கிடாய் சேர்ந்தது 150 நாள் கணக்குக்கு மார்கழியில் குட்டி போடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கரிசல் பச்சை பிடித்து, தழையும் கொடியும் தின்ற மடியில் பால் ஊறியிருக்கும் காலமாதலால் எல்லாம் அனுகூலமே. பனி ஒன்றுதான் விரோதி. ஈரத்தோடு விழும் 2 கிலோக் குட்டி, சாக்கினால் துவட்டுவதற்குள் விறைத்துவிடக் கூடும்.

எங்கள் பட்டியில் செவத்தி என்றொரு கன்னியினத்துச் செங்கன்னி ஆடு இருந்தது. கொம்படியிலிருந்து மூக்கு வரை இருபுறமும் இறங்கிய செம்பட்டைக் கோடுகளின் சௌந்தரியத்தை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதன் குரலை. குட்டி தரையில் விழுந்த மாத்திரத்தில் அது திரும்பி நின்று, வாயைத் திறவாமலே, தொண்டைக்குள் ஒரு கனைப்பைத் தொடங்கும். தீனிக்குக் கத்துகிற கத்தலோடும், மேய்ச்சலில் கூட்டம் தவறிக் கூப்பிடுகிற கூப்பாட்டோடும் அதற்குச் சம்பந்தம் கிடையாது. அடுத்த வீட்டில் யாரோ திருகை சுற்றுவது போன்ற அந்த ஓசை, ஈற்றையொட்டிய சில நாட்கள் மட்டும் இருந்து மறைந்துவிடும். நக்கலும் கனைப்புமாக அது மாறி மாறி நடத்துகிற அந்தக் காரியத்தில், குளம்பில் மெழுகு போன்ற மென்தோல் இன்னும் உதிராத குட்டி, இரண்டு முறை சரிந்து மூன்றாம் முறை எழுந்து, குரல் வந்த திசையில் தடவிக்கொண்டே போய்க் காம்பைக் கண்டுபிடிக்கும். கருப்பையில் தாயிடமிருந்து நோயெதிர்ப்புச் சக்தி எதையும் பெறாமலே பிறக்கிற அந்த ஜீவனுக்குச் சீம்பாலைவிட அவசரமானது வேறென்ன? இரட்டைக் குட்டி போடும் ஆடுகளில் சில, இரண்டாவது விழுந்ததும் முதலாவதை மறந்துவிடும். செவத்தியோ, இரண்டுக்கும் இடையில் நின்றுகொண்டு, குரலைச் சமமாகப் பங்கிட்டது.

கொடியாட்டுப் பிரியர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கரும்போறை, செம்போறை எனும் கொடியாடுகளின் நெடிய கால்களையும் அந்த நடையையும் நானும் நின்று பார்த்தவனே. ஆனால் நடை கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். தலைச்சேரி ஆடு வளர்க்கிறவர்கள் பால் கணக்குச் சொல்வார்கள், சொல்லட்டும். போயர் கிடாயைக் கலப்புக்கு விடுகிறவர்களுடன் மட்டும் என்னால் சமாதானமாகப் பேச முடிவதில்லை. கிடாய் நூறு கிலோவைத் தாண்டும் என்கிறார்கள். அந்தக் கலப்பில் பெருத்த குட்டியைச் சின்னக் கன்னிப் பெட்டை ஈன முடியாமல் முக்கித் தவித்ததைக் கண்டவனுக்கு, தராசின் மீது பக்தி உண்டாவது சிரமம்.

இப்போது பரண் மேல் வளர்க்கிறார்கள். பல்பு எரிகிறது, சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈன்ற உடனே குட்டியை அப்புறப்படுத்தி, துடைத்து, உலர்த்தி, ஒரு மணி நேரம் கழித்துத் தாயிடம் கொண்டுவந்து விட்டால், அது மோந்து பார்த்து முட்டித் தள்ளுகிறது. தாயின் சுபாவம் கெட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே புட்டிப்பாலைக் கலக்குகிறார்கள்.

என் பாட்டனார் ஈற்றின்போது விளக்கைப் பட்டிக்கு அருகில் கொண்டுவர விடமாட்டார். வெளியே கயிற்றுக் கட்டிலில் துப்பட்டியைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்றே நான் நினைப்பேன். உள்ளே செவத்தியின் கனைப்பு தொடங்கும், கொஞ்ச நேரம் ஓடும், சட்டென்று நிற்கும். மறுபடி, சற்றே தாழ்ந்து, புதிதாகத் தொடங்கும். துப்பட்டிக்குள்ளிருந்து சத்தம் வரும்:

“ஏலே, ரெண்டாவதும் விழுந்துட்டு. சாக்கை எடுத்துட்டு உள்ள போ.”