சேறும் சாலையும்: ஒரு திறனாய்வு

கணினி விளையாட்டைப் பற்றி ஓர் இலக்கிய இதழில் எழுதுவானேன் என்று வாசக நேயர் சிலர் வினவக்கூடும். திரைப்படத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலும் இவ்வினா எழுந்ததுண்டு. நம் வீட்டு இளைஞர் மாலை முழுதும் மூழ்கிக் கிடக்கும் ஒன்று, எத்தகைய உலகத்தை அவர்தம் கண்முன் படைத்துக் காட்டுகிறது என்று பார்ப்பதில் தவறில்லை. 2025 மே 20-ஆம் நாள் வெளிவந்த 'ரோட்கிராஃப்ட்' என்னும் விளையாட்டை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

இதை ஆக்கியது சேபர் இன்டராக்டிவ் நிறுவனம். வெளியிட்டது ஃபோகஸ் என்டர்டெயின்மென்ட். இதற்கொரு பரம்பரை உண்டு. 2014-இல் வந்த 'ஸ்பின்டயர்ஸ்', 2017-இல் வந்த 'மட்ரன்னர்', 2020-இல் வந்த 'ஸ்னோரன்னர்' ஆகியவை இதன் மூத்தோர். அம்மூன்றிலும் கதைத்தலைவன் லாரி அன்று, சேறுதான். மரக்கட்டை ஏற்றிய லாரி காட்டுப் பாதையில் புதையும். சக்கரம் சுழலச் சுழலப் பள்ளம் ஆழமாகும். டீசல் குறையும். அருகிலுள்ள மரத்தில் இரும்புக் கயிற்றைக் கட்டி வண்டியை இழுத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் போராடி ஐம்பது அடி நகர்ந்தவன் மலையைப் புரட்டியவனைப்போல் மகிழ்வான். அவசரத்தைத் தண்டித்துப் பொறுமைக்குப் பரிசளிக்கும் விளையாட்டுகள் மிகச் சில. அவற்றுள் இவை முதல் வரிசையில் வைக்கத்தக்கவை.

'ரோட்கிராஃப்ட்' இந்தப் பரம்பரையைத் தலைகீழாக்குகிறது. சேற்றைக் கடந்து செல் என்றனர் மூத்தோர். சேற்றை இல்லாமற் செய் என்கிறது இது. வெள்ளம் முதலிய பேரிடர்களால் சிதைந்த நிலப்பகுதிகளைச் சீரமைக்கும் நிறுவனமொன்றை ஆடுபவர் நடத்த வேண்டும். டிப்பர் லாரியில் மணல் கொணர்ந்து கொட்டி, புல்டோசரால் நிரவி, எந்திரத்தால் தார்க் கலவையை விரித்து, ரோடு ரோலரை ஏற்றி அழுத்தினால் சாலை பிறக்கும். வெளிவந்த வேளையில் டீசல் கவலையோ, வண்டி பழுதாகும் கவலையோ இதில் இல்லை. பழைய அன்பர் பலர் இதனால் முகம் சுளித்தனர். நமக்கோ அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. வேலையின் இன்பம் வேறு, போராட்டத்தின் இன்பம் வேறு. கரடுமுரடான மணற்பரப்பின் மேல் ரோலர் மெல்ல ஊர்ந்து செல்கையில் உண்டாகும் நிறைவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இவ்விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி வேறொன்று. நாம் குறித்துக் கொடுக்கும் பாதையில் சரக்கு லாரிகள் தாமாகவே வரிசையாகச் செல்ல வேண்டும். அவற்றுக்குச் சிறிதும் அறிவில்லை. ஒரு பள்ளம், ஒரு பாறை, சற்றே குறுகிய வளைவு போதும். முன்வண்டி சாய்ந்து நின்றுவிடும். அமைத்தவன் சாதுரியமாக ஓட்டிக் கடந்துவிடும் குழியை, அறியாதவன் வண்டி கடக்காது. சாலையின் தரத்தைச் சோதிப்பவர் அதில் பின்னர் வருபவரே என்பதை இதைவிட நயமாகச் சொன்ன விளையாட்டு வேறொன்றை நாம் கண்டிலம்.

குறைக்கு வருவோம். இவ்விளையாட்டின் நிலத்தில் தண்ணீர் ஓடுவதில்லை. தேங்கியிருக்கும்; தடையாகத் தோன்றும்; அவ்வளவே. மணலைக் கொட்டிப் பள்ளத்தை மேடாக்கினால், அங்கிருந்த நீர் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. சாலையோரம் மழைநீர் வடிகால் வெட்டும் வேலையும் இல்லை. மணலுக்கு மேலே நேராகத் தார். இடையில் ஒரு கூடை ஜல்லியும் இல்லை! ஒப்பந்தக்காரர் எவரேனும் கண்டால் பொறாமை கொள்வார்.

இதை நாம் ஆடிய இடம் மாடம்பாக்கம். ஆதலால் இக்குறையைச் சிறிதென்று கடந்துபோக நம்மால் இயலவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. இப்பகுதி ஏரிகளின் நாடு. பக்கத்துச் செம்பாக்கம் ஏரியின் மிகுநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பைச் சென்றடைவது பண்டைய ஒழுங்கு. இடையில் ஓரிடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், நீர் மறைந்துவிடாது; அண்டை வீட்டுக்குள் நுழையும். இங்கு வெள்ளத்தை வளர்த்தவற்றுள் இத்தகைய நிரவலும் ஒன்று. ரோட்கிராஃப்டிலோ அதுவே வெள்ளத்திற்கு மருந்து.

சாலையின் உயரமும் அப்படியே. பழைய தாரின்மேல் புதுத்தாரை விரித்து விரித்துத் தெரு உயர்ந்தது, வாசற்படி தாழ்ந்தது. முன்பு படியேறி நுழைந்த வீட்டுக்குள் இன்று படியிறங்கி நுழைவோரைத் தாம்பரம் சுற்றுப்புறத்துத் தெருக்கள் பலவற்றில் காணலாம். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை இட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த நேர்ந்தது இதனால்தான். விளையாட்டில் சாலை உயர்ந்தால் கேட்பாரில்லை. காரணம், அங்கே வாசற்படி உடைய மனிதர் இல்லை. கட்டடம் உண்டு, தொழிற்சாலை உண்டு. சாலை முடிந்ததும் அதில் நடந்து பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுமியைக் காணோம்.

மணலோ வற்றாத ஊற்று. குவாரியில் எத்தனை முறை அள்ளினாலும் தீராது. பாலாற்று மணல் அள்ளி அள்ளித் தீர்ந்து, பாறையை உடைத்த எம்-சாண்டுக்குக் கட்டடத் தொழில் மாறிய மாநிலத்தில் வாழும் நமக்கு அது சற்றே கசப்பான வேடிக்கை.

விளையாட்டுதானே, இத்தனை கணக்கு எதற்கு என்பார் உளர். சக்கரம் எத்தனை விரற்கடை புதையும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் இதன் ஆசிரியர்கள். வெள்ளத்தையே கருப்பொருளாகத் தேர்ந்தவர்களும் அவர்களே. சேற்றின் இயல்பை இத்துணை நுட்பமாக அறிந்தவர்களிடம், நீரின் இயல்பையும் எதிர்பார்ப்பது மிகையாகாது. நால்வர் சேர்ந்து ஆடும் வசதி இப்போதே உண்டு. ஒருவர் நிரவிய மேட்டால் மற்றவர் பகுதியில் நீர் புகும் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும். மண் கொட்டுமுன் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும். அடுத்த பதிப்பில் வடிகால் வெட்டும் எந்திரம் ஒன்றேனும் வருமாயின், மீண்டும் அதன் முன் அமர நமக்குத் தடையில்லை.