எழுதப்படாத அலகுகள்: கணிப்பு இரசாயன உள்ளீட்டுக் கோப்புகள் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

கணிப்பு இரசாயனவியலில் ஆய்வாளர் கணினிக்கு எழுதிக் கொடுக்கும் உள்ளீட்டுக் கோப்பு ஒரு கருவியாக மட்டுமே நோக்கப்பட்டு வந்துள்ளது. அதுவும் ஓர் எழுத்தாவணமே. ஆதலின், அதில் எழுதப்படாது விடப்படுவது யாது என்று வினவுதல் பொருத்தமானதாகும். அவ்வாறு விடப்படுவனவற்றுள் முதன்மையானது அளவீட்டு அலகு.

திண்மங்கள் பற்றிய கணிப்புகளில் எல்லைச் சக்தி என்றொரு பெறுமானம் தரப்பட வேண்டும். அதற்கு 30 என்று மட்டும் எழுதினால், வாஸ்ப் அதனை 30 இலத்திரன்வோல்ற்று எனக் கொள்ளும். குவாண்டம் எஸ்பிரெசோ அதனை 30 ரிட்பேர்க், அதாவது ஏறத்தாழ 408 இலத்திரன்வோல்ற்று எனக் கொள்ளும். அபினிட்டுக்கோ அது 30 ஹார்ட்ரீ. ஏறத்தாழ 816 இலத்திரன்வோல்ற்று. எண் ஒன்றே, பொருள் மூன்று.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. டக்ளஸ் ஹார்ட்ரீ 1928இல் அணு அலகுகளை முன்வைத்தமை சமன்பாடுகளை எளிமையாக்கும் பொருட்டே. நிறமாலையியல் ரிட்பேர்க்கையும், வெப்ப இரசாயனம் கிலோகலோரியையும் வழங்கின. ஒவ்வொரு துறையும் தன் வழக்கத்தையே இயல்பானது எனக் கொண்டு நிரலுள் அமைத்துவிட்டது.

கைநூலில் அலகு குறிப்பிடப்பட்டுள்ளதே எனச் சிலர் வாதிடலாம். ஆயின் கோப்பு கைமாறிச் செல்லும்போது கைநூல் அதனுடன் செல்வதில்லை. ஐதரசன் மூலக்கூற்றின் பிணைப்பு நீளம் 0.74 அங்ஸ்ட்ரோம். அவ்வெண்ணை போர் அலகில் வாசிக்கும் நிரலுக்கு அது 0.39 அங்ஸ்ட்ரோமாகிவிடும். எனினும் நிரல் தடையின்றி ஒரு சக்திப் பெறுமானத்தைக் கணித்துத் தரும். அனுபவமுள்ளவர் அதனை ஐயுறுவார்; வழிகாட்ட எவருமற்ற மாணவரோ அதனை முடிவாகவே ஏற்பார். எழுதப்படாத அறிவு வாய்மொழியாகவே கடத்தப்படுவதால், பெரிய ஆய்வுகூடங்களுக்கு வெளியே நிற்போரே அதன் விலையைச் செலுத்துகின்றனர். ஒருவர் பெற்ற முடிவைப் பிறர் மீளச் செய்து சரிபார்த்தலும் இதனாற் கடினமாகின்றது.

மாற்று வழி இல்லாமலில்லை. அபினிட் எண்ணை அடுத்து அலகை எழுத இடமளிக்கின்றது. சிபி2கே சதுர அடைப்புக்குள் அதனை ஏற்கின்றது. கௌசியனிலும் அங்ஸ்ட்ரோமுக்குப் பதிலாக அணு அலகைக் கோருவதற்கென ஒரு குறிச்சொல் உண்டு. எனினும் இவை பயன்படுத்துவோரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளன. இவை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. அலகற்ற எண்ணைக் கண்டதும் நிரல் ஊகித்துச் செல்லாது நின்று வினவ வேண்டும். ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதும் சிரமம் சிறிது. அதனால் அறிவு பொதுவுடைமையாகும் பயன் பெரிது.