மௌனப் படமும் உடன் வாசித்தவரும்

இரண்டாம் சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அன்றும் மறுநாளும் ஒரு பிலிம் சொஸைட்டி மௌனப் படங்களை நேரடிப் பியானோ வாசிப்புடன் திரையிட்டது. சனியன்று ஐஸன்ஸ்டீனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925). ஞாயிறன்று டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ (1928).

மௌனப் படத்துக்கு இசை அவசியமா என்ற கேள்வியைச் சரித்திரத்தைக் காட்டி அடைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்திலேயே கொட்டகையில் பியானோவோ வாத்தியக் குழுவோ இருந்தது வாஸ்தவம். நம் கூடாரக் கொட்டகைகளில் திரையருகே ஒருவர் நின்று கதை சொன்னார். ஆனால் ஒன்று இருந்தது என்பதே அது தேவை என்பதற்கு நிரூபணமாகாது.

‘பொட்டெம்கி’னுக்கு எட்மண்ட் மைஸெல் 1926இல் பெர்லினில் இசையமைத்தபோது, கடைசிப் பகுதிக்கு மெட்டு வேண்டாம், வெறும் தாளகதி போதும் என்று ஐஸன்ஸ்டீன் கேட்டுக்கொண்டார். யந்திரத்தின் துடிப்பு படத்தொகுப்பிலேயே இருக்கிறது. அதே மைஸெல் 1929இல் லண்டனில் தன் இசைக்குத் தோதாகப் படத்தின் வேகத்தைக் குறைக்க வைத்தார். படுத்த சிங்கம், விழித்த சிங்கம், எழுந்த சிங்கம் என மூன்று கற்சிலைகள் ஒரே சிங்கம் துள்ளி எழுவதாகத் தெரியவேண்டிய இடம். வேகம் குறைந்ததும் வித்தை அம்பலமாகி, சபை சிரித்துவிட்டது. ஐஸன்ஸ்டீன் இதை மன்னிக்கவில்லை.

ஞாயிறன்று வாசித்தவர் தேர்ந்த கலைஞர். சங்கடமும் அதுதான். ஃபால்கனெட்டியின் கண்ணில் நீர் திரளுமுன்பே அவர் விரல்களில் சோகம் வந்துவிடும். நானும் அழுதேன். பியானோவுக்கா, அந்தப் பெண்ணுக்கா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஜோனின் தலைமயிரை வெட்டும் கட்டத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். கத்தரி, தரையில் மயிர், அதைக் கூட்டித் தள்ளும் துடைப்பம், அந்த முகம். இப்போது எனக்கு ஒத்தாசைக்கு யாருமில்லை. அழுகை நின்று கூச்சம் வந்தது. விசாரித்தவர்களின் வரிசையில் நானும் ஒருவனாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்ற கூச்சம். சிதையில் தீ மூண்டதும் பியானோ திரும்பிவந்தது. சபைக்கு ஆறுதல், எனக்கும்தான்.

ஆரம்பத்திலிருந்தே சப்தமில்லாமல் படம் ஓடியிருந்தால் அந்த மௌனம் எனக்குக் கேட்டிருக்குமா? கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன். அதுவரை வாசித்ததால்தான் அவரால் நிறுத்த முடிந்தது. ஒலிநாடாவிலும் இடைவெளி விடலாம். ஆனால் அது எங்களோடு உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. அவர் பார்த்தார், பார்த்ததால் நிறுத்தினார். உடன் வாசிப்பதன் நியாயம் இவ்வளவுதான்.

பத்து வருஷமாக விமர்சனம் எழுதுகிறேன். வாசகன் கவிதையைப் பார்க்குமுன்பே பக்கத்தில் நின்று கொட்டகைக்காரர் மாதிரிக் கதை சொல்லிவிடுகிறேன். அன்றிரவு என் பழைய கட்டுரைகளை எடுத்து, எங்கேயாவது கையை எடுத்திருக்கிறேனா என்று தேடினேன். ஓரிடம்கூட அகப்படவில்லை.