பெட்டிக்குள் இல்லாத செம்பு

நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஹேர் கலர் பெட்டி எதையாவது எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சின்னச் சின்ன முடிக்கற்றைப் படங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். இந்தப் பக்கம் உங்கள் முடி, அந்தப் பக்கம் டை அடித்தபின் வரப்போகும் நிறம். 'உங்கள் முடி' என்ற வரிசையில் கருப்பு இருக்கும், அடர் பழுப்பு இருக்கும், நரை கலந்த கருப்பு இருக்கும். பார்லரில் பிளீச் பண்ணி வெளிர் மஞ்சளுக்கு வந்துவிட்ட முடி மட்டும் இருக்காது.

அப்படிப்பட்ட தலைகள் இன்று அபூர்வமா என்றால் அதுவும் இல்லை. எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் நாலைந்து கண்ணில் படும். அத்தனை பேரும் என்றைக்காவது பழுப்புக்குத் திரும்பத்தான் போகிறார்கள். இன்டர்வியூ வரும், வீட்டில் கல்யாணம் வரும், இல்லையென்றால் அலுத்துப்போகும். பார்லரில் 'கலர் கரெக்‌ஷன்' என்று சொல்லும் தொகையைக் கேட்டதும் இந்தப் பெட்டியை நோக்கித்தான் கை போகும். என் கையும் போனது.

பெட்டிக்குள் வழக்கமான சாமான்கள்தான்: கலர் டியூப், டெவலப்பர் பாட்டில், கையுறை, கண்டிஷனர் சாஷே, ஒரு துண்டுத்தாள். நான் எடுத்தது ஆஷ் பிரவுன், எண் 5.1. கம்பெனி எனக்குப் புதிதல்ல. அம்மா வருஷக்கணக்கில் இதைத்தான் அடிக்கிறார். கருப்பு முடியில் நரையை மறைக்க இதைவிட ஒழுங்கான பெட்டியை நான் பார்த்ததில்லை. பெயரை எழுதாமல் விடுவதற்கு அந்த விசுவாசமும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையுறை. ஓட்டலில் பார்சல் சாம்பாரைக் கட்டித்தரும் கவரைவிட மெல்லியது. மணிக்கட்டில் பிடிமானம் கிடையாது. பின்னந்தலைக்குக் கையைத் தூக்கினால் அது நழுவி டையோடு முதுகில் விழுகிறது. மருந்துக்கடையில் சல்லிசாக நைட்ரைல் கையுறை கிடைக்கிற காலத்தில் இந்தக் கம்பெனிகள் ஏன் இன்னும் இதையே மடித்து மடித்து வைக்கின்றன என்று தெரியவில்லை.

அடுத்தது, முன்பக்கத்தில் பச்சை இலை படத்தோடு 'அம்மோனியா இல்லை' என்ற முத்திரை. அம்மோனியா இல்லாவிட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் எத்தனாலமைன் இருக்கும். வேலை ஒன்றுதான்: முடியின் மேல்செதில்களைத் தூக்கிவிடுவது. மூக்கை எரிக்காது, அவ்வளவே. பிபிடி எனப்படும் பாராஃபினைலின்டையமின் உள்ளே இருக்கத்தான் இருக்கிறது. அதனால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லும் வரியை யாரும் தாண்டிப் போகக்கூடாது. அந்த வரியை எறும்பு சைஸ் எழுத்தில் அச்சடித்தவர்களை என்ன சொல்வது!

சரி, நிறத்துக்கு வருவோம். துண்டுத்தாளில் உள்ளபடியே சமமாகக் கலந்து, அரை மணி நேரம் வைத்து அலசினேன். அன்றைக்கு முடி பிரவுனே இல்லை. நுனி கிட்டத்தட்ட கருப்பு. பரவாயில்லை, இறங்கும் என்று விட்டேன். இறங்கியது. நாலைந்து தலைக்குளியலில் டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் பிரவுன் மாதிரி தெரிந்தது. மொட்டை மாடி வெயிலில் ஒரு கற்றையைத் தூக்கிப் பிடித்தால் நடுப்பகுதி காக்கி, நுனி பச்சை கலந்த சாம்பல். அம்மா தலையில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் அதே கம்பெனிச் சரக்கு இது.

அதற்குக் காரணம் டியூபில் இல்லை, முடியில் இருக்கிறது. கருப்பு முடியை பிளீச் பண்ணும்போது நிறம் ஒரேயடியாகப் போவதில்லை. முதலில் பழுப்பு, அப்புறம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெளிர் மஞ்சள் என்று படிப்படியாக இறங்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் பெர்சல்ஃபேட்டும் சேர்ந்து மெலனினை உடைத்துக்கொண்டே போகின்றன. இயற்கையான பழுப்பு முடி என்று நாம் பார்ப்பதில் அடியில் சிவப்பும் ஆரஞ்சும் இருக்கிறது. பிளீச் பண்ணிய முடியில் அது இல்லை. மிச்சம் இருப்பது மஞ்சள் மட்டுமே.

டை தயாரிப்பவர்களுக்கு இது தெரியும். 5.1 என்ற எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருப்பது அடர்த்தி. 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்னிறம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது சாயல். பெரும்பாலான கம்பெனிகளில் 1 ஆஷ், 3 தங்கம், 4 செம்பு. ஆஷ் என்பது நீலம் தூக்கலான சாயல். கருப்பு முடியில் எட்டிப் பார்க்கும் செம்மையை அடக்க அதை வைத்திருக்கிறார்கள். அடக்கச் செம்மையே இல்லாத முடியில் அந்த நீலம் என்ன செய்யும்? மஞ்சளோடு கூட்டுச் சேரும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன வரும் என்பது இரண்டாம் வகுப்புப் பாடம்.

வெளுப்பதற்கும் காரணம் அதே பிளீச்தான். இந்த டையின் மூலப்பொருள்கள் சின்ன மூலக்கூறுகள். முடிக்குள் நுழைந்து, பெராக்சைடு பட்டு, ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி, வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ள வேண்டும். பிளீச் பண்ணிய முடியில் எங்கே பார்த்தாலும் ஓட்டை. உள்ளே போவதும் சுலபம், வெளியே வருவதும் சுலபம். அதனால்தான் முதல் நாள் கருப்பு, அப்புறம் காக்கி. பத்து நிமிஷத்திலேயே இருட்டிவிடுகிறதே என்று சீக்கிரம் அலசினால் இணைப்பு பாதியில் நின்று இன்னும் வேகமாகப் போகும். நேரத்தைக் குறைப்பதைவிட ஒரு எண் வெளிர்ந்த டையை எடுத்து முழு நேரம் வைப்பதே சரி. இதையும் துண்டுத்தாள் சொல்லவில்லை.

கம்பெனியின் ஆப் இன்னும் மோசம். முன்கேமராவைப் பார்த்து நின்றால் தலையில் எந்த நிறத்தையும் பூசிக் காட்டுகிறது. இந்தத் தொழில்நுட்பத்துக்காகவே லோரியால் 2018இல் மோடிஃபேஸ் என்ற கம்பெனியை வாங்கியது. அதற்கப்புறம் கேமராவில் கலர் பார்ப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. இந்த ஆப்புக்குக் கருப்பு முடியும் ஒன்றுதான், பிளீச் பண்ணியதும் ஒன்றுதான். 'ஏற்கெனவே பிளீச் பண்ணியிருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. என் ஃபோன் நம்பரை மட்டும் மறக்காமல் கேட்டது.

விடை சௌகார்பேட்டையில் கிடைத்தது. பார்லர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் என் தலையை ஒரு பார்வை பார்த்தவர், "நேரா ஆஷ் போட்டீங்களா மேடம்? கீழ செம்பு கொடுக்காம போட்டா நிக்காது" என்று சொல்லிக்கொண்டே 7.4 டியூப் ஒன்றையும் 10 வால்யூம் டெவலப்பரையும் எடுத்து வைத்தார். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு. கருப்பு முடியைக் கொஞ்சம் வெளுக்க அது தேவை. வெளுக்க ஒன்றுமே மிச்சமில்லாத முடிக்கு 3 சதவீதமான 10 வால்யூமே தாராளம். டெவலப்பரை மாற்றிக்கொள்ளும் வசதி பெட்டியில் கிடையாது, தனி டியூபில் உண்டு. பெட்டிக்கும் பார்லர் சரக்குக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இந்தச் சுதந்திரம்தான்.

கீழே செம்பு கொடுப்பதைப் பார்லர்க்காரர்கள் ஃபில்லர் என்கிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்குப் பெயின்ட் அடிக்குமுன் பிரைமர் அடிப்பது போலத்தான். இல்லாததை முதலில் நிரப்பிவிட்டு அப்புறம் வேண்டியதைப் போடுவது. எங்கள் பாட்டிகளுக்குப் பெயர் தெரியாமலே இந்த முறை தெரிந்திருந்தது. முதலில் மருதாணி, மறுநாள் அவுரி. மருதாணியின் லாசோன் முடியைச் செம்மையாக்கும், அதன்மேல் அவுரியின் நீலம் ஏறும்போது பழுப்போ கருப்போ வரும். வெளுத்த முடியில் அவுரியை மட்டும் போட்டால் நீலப்பச்சைதான் வரும். என் தலையில் நடந்ததும் அதுவே. நீலம் மட்டும் செடியிலிருந்து வரவில்லை, டியூபிலிருந்து வந்தது.

அதற்காக மருதாணியையே ஃபில்லராக வைக்கலாமா என்று கேட்டால், சுத்தமான இலைத்தூள் என்று நிச்சயமாகத் தெரிந்தாலொழிய வேண்டாம். 'ஹென்னா' என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் பிபிடி கலந்திருக்கிறது. சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அது பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறிக் கருகிக்கூடப் போகலாம்.

செம்பு டியூபை ஈர முடியில் தடவியதும் கேரட் நிறம். நுனியில் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர், அங்கேதான் ஓட்டை அதிகம். அந்தக் கோலத்தில் கதவைத் திறந்தபோது கொரியர் கொண்டுவந்த பையன் ஓடிபி கேட்க மறந்துவிட்டான். அலசி, துண்டால் ஒற்றி எடுத்து, அதன்மேல் ஆஷ் கலக்காத 6.0 போட்டேன். வந்தது பிரவுன். வெயிலில் பார்த்தாலும் பிரவுன். அதே கம்பெனியின் டியூப்தான் அதுவும், பெட்டியில்லாமல் தனியாக விற்பது. சரக்கில் குறை இல்லை என்பதை இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது? ஒரு சின்னச் செம்பு சாஷேயும், 'பிளீச் பண்ணிய முடிக்கு முதலில் இது' என்று ஒரே ஒரு வரியும் போதும். பெட்டிக்குள் கண்டிஷனர் சாஷேக்கு இடம் இருக்கிறது, இதற்கு இல்லையாம்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு: கலர் மாஸ்க். டெவலப்பர் தேவையில்லாத, கண்டிஷனர் மாதிரி தடவி அலசும் பிரவுன் கிரீம். இதில் இருக்கும் சாயங்களில் பல நேர்மின்னேற்றம் உள்ளவை. பிளீச் பட்டுச் சிதைந்த முடியின் மேல்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகம், அதனால் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. அம்மாவின் கருப்பு முடியில் போட்டால் இருக்கிற இடமே தெரியாத சரக்கு, என் தலையில் பத்து நிமிஷத்தில் போன நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. வாரம் ஒருமுறை போட்டால் போதும். போர் தண்ணீரின் கடினத்துக்கும் சல்ஃபேட் ஷாம்பூவுக்கும் எதிராக என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் இப்போது இதுதான்.

நரைக்கு வாங்குகிறவர்கள் 5.1 பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கையுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு. பிளீச் பண்ணியவர்கள் பெட்டியை விட்டுவிட்டு 7.4, 6.0, 10 வால்யூம் என்று தனித்தனியாக வாங்குங்கள். சந்தேகம் வந்தால் அடர்த்தி குறைந்த எண்ணையே எடுங்கள். டை மேல் டை அடித்து முடியை வெளுக்க முடியாது, அதிகமாகிவிட்டால் மறுபடி பிளீச்தான். மாஸ்க் போட்ட அன்றிரவு பழைய தலையணை உறையை மாட்டிக்கொள்ளுங்கள். சென்னை வியர்வையில் சாயம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.