யார் அரசியல் கைதி? திருச்சிச் சிறையை முன்வைத்து

திருச்சி மத்தியச் சிறை புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. உள்ளே இருப்பவரைப் பார்க்க வரும் குடும்பங்கள் அந்தச் சந்திப்பை இன்றும் ‘மனு’ என்றுதான் சொல்கின்றன. சிறையின் வேலை, உணவு, தண்டனை எல்லாவற்றுக்கும் நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். அதன் கண்ணில் ராஜத்துரோகியும் ஆடு திருடியவரும் ஒன்றுதான். 1908-ல் ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. கோவையில் செக்கிழுத்தார். அதே வழக்கில் சிறைப்பட்ட சுப்பிரமணிய சிவா திருச்சி, சேலம் சிறைகளில் இருந்து 1912-ல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் பற்றியிருந்தது. அந்நாளில் சிறைக்குள் எதிர்ப்பு என்பது தனியொருவரின் பிடிவாதமாகத்தான் இருந்தது.

கூட்டு எதிர்ப்புக்கு நாடறிந்த வடிவம் தந்தது லாகூர். அரசியல் கைதிகளுக்கு நல்ல உணவும் புத்தகமும் மதிப்பான நடத்தையும் கேட்டு உண்ணாநிலை இருந்த ஜதீந்திரநாத் தாஸ், 63-ஆம் நாளில், 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டார். மறு ஆண்டே ஏ, பி, சி என்ற வகுப்புமுறை வந்தது. வென்றது போலத் தோன்றினாலும் இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. கைதியின் வகுப்பைத் தீர்மானித்தவை அவருடைய படிப்பும் வாழ்க்கை வசதியுமே. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் வேதாரண்ய உப்பு யாத்திரை புறப்பட்டது திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் வீட்டிலிருந்து. ஒரே உப்பை அள்ளியவர்கள் சிறைக்கதவைத் தாண்டியதும் வேறு வேறு தட்டில் சாப்பிட நேர்ந்தது. சிறைவிதிக்குக் கட்டுப்படுவதும் சத்தியாக்கிரகத்தின் ஒரு பகுதி என்று காந்தியர் கருதியதால், உள்ளே பெரிய மோதல் எழவில்லை.

கம்யூனிஸ்டுகள் அப்படி இல்லை. குற்றவாளிகளாக நடத்தப்படுவதை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் 22 பேர், பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். குடியரசு பிறந்து அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது.

திருச்சியின் சொந்த அத்தியாயம் 1957-ல் தொடங்குகிறது. சாதியைக் காக்கும் பிரிவுகள் இருப்பதாகச் சொல்லி நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தைக் கொளுத்தப் பெரியார் அழைத்தார். அதைத் தடுக்கவே சென்னை அரசு அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. தண்டனை மூன்றாண்டு வரை. கொளுத்தியவர்கள் எதிர்வழக்காடாமல் சிறை ஏகினார்கள். திராவிடர் கழகத்தின் கணக்குப்படி சிறைப்பட்டோர் சுமார் 3,000 பேர். அவர்களில் கூலிகளும் சிறு விவசாயிகளும் ஏராளம்; ஏ வகுப்பு கேட்கும் நிலையில் இருந்தவர்கள் சொற்பம். 1958 மார்ச்சில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சிச் சிறையில் அடுத்தடுத்து இறந்தார்கள். சடலம் சிறைக்குள்ளேயே புதைக்கப்பட்டது. பெரியாரின் துணைவியார் மணியம்மையார் சென்னைக்குப் போய் ஆட்சியாளர்களிடம் வாதாடினார். புதைத்தது தோண்டி எடுக்கப்பட்டது. திருச்சித் தெருக்களில் பெரும் ஊர்வலம் சென்றது. கைதியின் உடல், செத்த பிறகாவது, அரசுடையதா வீட்டாருடையதா என்பதுதான் அன்று எழுந்த வழக்கு. சிறைச் சீர்திருத்தம் பேசும் நூல்கள் இதை ஏனோ கண்டுகொள்வதில்லை.

எழுபதுகளில் நக்சல்பாரிக் கைதிகள் வந்தார்கள். தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டு ஆயுள் கைதியான தியாகு சிறையில் இருந்தபடியே மார்க்சின் ‘மூலதன’த்தைத் தமிழாக்கினார், பின்னர் சிறை வாழ்வையும் எழுதினார். நெருக்கடிநிலையின்போது சென்னைச் சிறையில் நடந்த அடிதடியை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அதன்பின் போராட்டத்தின் கருவி கடுதாசி ஆனது. திகார் கைதி சுனில் பத்ரா சக கைதிக்கு நேர்ந்த சித்திரவதை பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. தீர்ப்பெழுதிய கிருஷ்ணய்யர் 1948-ல் தாமே ஒரு மாதம் போலக் கம்பி எண்ணியவர்.

சாதாரணக் கைதிக்கு இந்த உரிமைகள் மெல்லத்தான் எட்டின. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிளாக்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன. கேட்டால் கலவரம் வராமலிருக்க என்றார்கள். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாட்டை, சாதி பார்த்து வேலை ஒதுக்குவது உட்பட, செல்லாததாக்கியது. வழக்குத் தொடுத்தவர் ஒரு பத்திரிகையாளர். சாதியால் பிரிந்து கிடந்த கைதிகள் ஒன்றுசேர்ந்து கேட்டிருக்கக்கூடிய வழக்கு அது.

திருச்சிச் சிறை வளாகத்தில் இன்னொரு வேலி உண்டு: வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட சிறப்பு முகாம். பெயரளவில் அது சிறை இல்லை. அதனால் தண்டனைக் காலமும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை. விடுவிக்கக் கோரி ஈழத்தமிழர்கள் அங்கே 2021-லும் 2022-லும் உண்ணாநிலை இருந்தார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த ஆறு பேரில் நால்வர் இலங்கைக்காரர் என்பதால் சிறையிலிருந்து நேரே இங்கு கொண்டுவரப்பட்டார்கள். மூவர் 2024 ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். நான்காமவரான சாந்தன், ஊர் திரும்ப அனுமதி வந்த சில நாளில், அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் காத்திருந்த தாயிடம் போய்ச் சேர்ந்தது அவர் சடலம்தான்.